மேலுக்கு முடியல

இரவு ஒன்பதரைக்கும் நாற்பத்தொரு டிகிரி.
அரிஃப்ஜான் முகாமில் கடைசி லாரிக்கும் டீசல் ஊற்றி,
குழாயைச் சுருட்டிப் போட்டுவிட்டு வருகிறேன்.
எத்தனை சோப்பு போட்டாலும்
உயிர்வேதியியல் புத்தகத்தின் ஓரமெல்லாம் டீசல்.
செல்லுக்குள் சர்க்கரை எப்படி எரிகிறது என்று
யார் கேட்டாலும் இனி எனக்கு
வண்டி வாசனைதான் முதலில் வரும்.

பத்தொன்பது வயதில், நியூ ஜெர்சியில்,
இரண்டு பாடத்தில் தோற்றுவிட்டுச் சீருடை போட்டவன்.
அந்த இரண்டு எழுத்துகளை யாரும் அழிக்கப் போவதில்லை.
மேலே எதையாவது அடுக்கலாம், அவ்வளவுதான்.
தொண்டு செய்த மணி,
நோயாளி பக்கத்தில் இருந்த மணி,
டாக்டர் பின்னால் நிழலாக நின்ற மணி.
குவைத்தில், ஜூலையில், நிழலைச் சேர்க்கிறேன்.
"நார்க், இந்த வாரம் எவ்வளவு?" என்பார்
சார்ஜெண்ட் ஒகாஃபோர்.
நற்குணன் அவர் வாயில் பாதிதான் நுழையும்.
"ஆறு" என்பேன்.
"தூங்கியது?"
"அதுவும் ஆறு."
வாரத்துக்கா என்று அவர் கேட்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை
சலவைக்கூடத்திலிருந்து ஒருவரைத் தூக்கி வந்தார்கள்.
மதார்சா, தொண்டிக்காரர், ஐம்பது இருக்கும்.
ஒப்பந்த ஆளை இங்கே பார்க்க விதி இல்லை,
உயிர் போகிற அவசரம் என்றால் மட்டும் உண்டு.
மேஜர் லிண்ட்க்விஸ்ட் அவசரம் என்று எழுதினார்.
என்னை அருகே இழுத்தார்.

"மேலுக்கு முடியல தம்பி."

என் வாய் அதை அப்படியே ஆங்கிலத்தில் கொட்டியது.
"எதற்கு மேலே?" என்றார் மேஜர்.
"உடம்பு, மேடம்.
எங்கள் பக்கம் உடம்புக்கு மேல் என்று பெயர்."
அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார்.
பிறகு அந்த மேலைத் தொட்டார்.
நெருப்பு.

நீர்க்கடுப்பு என்றார் மதார்சா.
எரிச்சல் என்று சொன்னேன்,
அதில் கடுப்பு விட்டுப்போனது.
குப்பியில் வந்தது கோலா நிறம்.
தண்ணீர் குடிக்கிறதில்லையா என்று கேட்கச் சொன்னார்.
"குடிச்சா போகணும்ல.
கக்கூஸ் அந்தக் கோடிலே இருக்கு.
போன நிமிசம், வந்த நிமிசம்
மேஸ்திரி நோட்டுல எழுதுறான்."

என் நோட்டு காற்சட்டைப் பையில் இருந்தது.
தொடையில் அதன் மூலை குத்தியது.

குளுக்கோஸ் மாட்டும் கம்பியின் கொக்கி உடைந்திருந்தது.
பையை நான் தூக்கிப் பிடித்தேன்.
இருபது நிமிடத்தில் தோள் மரத்தது,
கை மாற்றினேன், அதுவும் மரத்தது.
பொட்டாசியம், சிறுநீரகம் என்று
மேஜர் எனக்கென்றே மெல்லச் சொல்லிக்கொண்டு போனார்.
புத்தகத்தில் மஞ்சள் கோடு போட்ட வரிகள்தான்.
இப்போது அவற்றுக்கு மீசை இருந்தது.

விடியுமுன் கம்பெனி வேன் வந்தது.
எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டேன்.
"ஃபஹாஹீல் பக்கம்" என்றான் ஓட்டுநர்,
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.
அடுத்த வாரம் சலவைக்கூடத்தில்
அவருடைய இஸ்திரி மேசையில் வேறொரு பையன்.
அவனுக்கு எதுவும் தெரியவில்லை.

ஏன் மருத்துவர் ஆக விரும்புகிறீர்கள்?
ஐயாயிரத்து முந்நூறு எழுத்துக்குள்.
ஆங்கிலம் வரவில்லை, தமிழில் தொடங்கினேன்.
கு என்று அடித்தால் இரண்டு என்கிறது கணினி.
மெய்க்கு ஒன்று, உயிருக்கு ஒன்று.
பிரித்துத்தான் எண்ணுமாம்.

'அந்த இரவில் எனக்குப் புரிந்தது' என்று எழுதி அழித்தேன்.
'ஒரு ஏழைத் தொழிலாளி' என்று எழுதி அழித்தேன்.
மதார்சா என்று எழுதினேன்.
அவரைக் கேட்காமல் எப்படி என்று அதையும்.
நோட்டில் மட்டும் இருக்கிறது:
மூன்று மணி நேரம். பணி, மொழிபெயர்ப்பு.
சாட்சிக் கையெழுத்து, மேஜர்.

எந்தக் கட்டத்திலும் சேராத ஒன்று உண்டு.
ஊசி ஏறும்போது அவர் கேட்டார்:
"தம்பி டாக்டரா?"
"இல்லண்ணே. வண்டிக்கு டீசல் ஊத்துறவன்."
"அதான் மணக்குது" என்று சொல்லி
கையை என்னிடமே விட்டுவிட்டுக்
கண்ணை மூடிக்கொண்டார்.